கோஹா பயனர் கையேட்டைத் தமிழில் கூடி எழுத எந்தக் கருவிகள் ஏற்றவை?

வினா

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றுகிறேன். கோஹா நூலக மேலாண்மை மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்தும் நூலகர்கள் 7 பேரும், நிரல் எழுதத் தெரிந்த நண்பர்கள் 3 பேரும் சேர்ந்து, அதற்கு ஒரு பயனர் கையேட்டைத் தமிழில் எழுத முடிவு செய்திருக்கிறோம். கோஹாவுக்கு ஆங்கிலத்தில் விரிவான கையேடு இருக்கிறது என்பதை அறிவோம். ஆனால் நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் வாசகர், வழங்கல் மேசையில் அமர்ந்து புத்தகம் கொடுத்து வாங்கும் நூலக உதவியாளர். நூல் விவரங்களைப் பதிவதற்கான மார்க் 21 தரத்தின்படி பட்டியலிடுவதைப் பற்றி அவருக்கு 3 பக்கம் போதும். தாமதக் கட்டணத்தைத் தவறாக வசூலித்துவிட்டால் எப்படித் திருத்துவது என்பதற்கோ 6 பக்கம் வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை இதைத் தொடங்கிப் பாதியில் விட்டோம். அப்போது இணையத்தில் பலரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய வணிகச் சேவை ஒன்றைப் பயன்படுத்தினோம். எழுதும்போது எந்தத் தொல்லையும் இல்லை. பொதுக் கோப்புறையை உருவாக்கிய நண்பர் வேறு பணிக்குச் சென்றதும், அவருடைய பழைய அலுவலகக் கணக்கு மூடப்பட்டு, 4 அதிகாரங்கள் எங்கள் கையைவிட்டுப் போயின. மிஞ்சியவை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்ட படிகள்தாம். அவற்றில் எது இறுதியானது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இம்முறை நிரலர் நண்பர்கள், கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். நூலகர்களுள் பெரும்பாலோர் சொல் செயலியைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. இணைய இணைப்பு நிலையாக இல்லாத கிளை நூலகங்களுக்காக அச்சிடத்தக்க பிடிஎஃப் கட்டாயம் வேண்டும். ஆங்கிலக் கையேட்டை மொழிபெயர்ப்பதா, புதிதாக எழுதுவதா என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கருவியை முடிவு செய்யும் முன் அதையும் முடிவு செய்ய வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மென்பொருள் ஆவணமாக்கலில் பணியாற்றுபவர்)

வணக்கம் ஐயா. உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்று முடிவு செய்தால் கருவியைப் பற்றிய பாதி முடிவை மூலக் கையேடே எடுத்துவிடுகிறது.

கோஹாவின் ஆங்கிலக் கையேடு முன்பு டாக்புக் எக்ஸ்எம்எல் என்னும் சிக்கலான குறியீட்டு வடிவில் இருந்தது. இப்போது ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்னும் எளிய உரைக் குறியீட்டில் எழுதப்பட்டு, கிட் களஞ்சியத்தில் வைக்கப்பட்டு, ஸ்ஃபிங்க்ஸ் என்னும் ஆவண உருவாக்கி மூலம் இணையப் பக்கங்களாக ஆக்கப்படுகிறது. ஸ்ஃபிங்க்ஸ் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனிச் சரமாகப் பிரித்து, கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்பு முறையின் பிஓ கோப்புகளாக (மூலமும் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து நிற்பவை) தரும். வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் அவற்றை ஏற்றினால், உலாவியைத் திறக்கத் தெரிந்த எவரும் ஆங்கிலப் பத்தியைப் பார்த்துக் கீழே தமிழை எழுதலாம். கிட் என்ற சொல்லைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை.

இதன் பெரும்பயன் ஓராண்டு கழித்துத்தான் தெரியவரும். கோஹா ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பை வெளியிடுகிறது; 2016இல் வந்த 16.05 முதல் பதிப்பெண்ணே ஆண்டையும் மாதத்தையும் குறிக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் எந்தத் திரை மாறியது, எந்தப் பத்தி திருத்தப்பட்டது என்பதை 10 தன்னார்வலர்கள் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. பிஓ முறையில் மூலப் பத்தி மாறிய உடனே அதற்குரிய தமிழ்ச் சரம் ஐயத்திற்குரியது என்று குறிக்கப்பட்டுவிடும். அதைச் சரிபார்க்கும் வரை அந்த இடத்தில் ஆங்கிலப் பத்தியே தோன்றும். அது பார்ப்பதற்கு அழகாக இருக்காது. ஆனால் பழைய தவறான வழிமுறையைத் தமிழில் படித்து ஓர் உதவியாளர் தரவை அழித்துவிடுவதைக் காட்டிலும் அது மேலானது.

புதிதாக எழுதுவது என்றால் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மாற்றத்தைத் தெரிவிக்கும் மணி இருக்காது. அந்நிலையிலும் எளிய உரை, கிட், ஸ்ஃபிங்க்ஸ் என்ற கூட்டணியையே நான் பரிந்துரைப்பேன். பெரிய திட்டங்கள் பலவும் வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து இதே திசையில்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. பைத்தான் மொழியின் ஆவணங்கள் 2008இல் வெளியான 2.6 பதிப்பிற்கு முன்வரை லேடெக் என்னும் அச்சுக்கோப்புக் குறியீட்டில் இருந்தன. அவற்றுக்காகவே ஸ்ஃபிங்க்ஸ் உருவாக்கப்பட்டது. லினக்ஸ் கருநிரல் 2016இல் டாக்புக்கிலிருந்து ஸ்ஃபிங்க்ஸுக்கு மாறத் தொடங்கியது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2021இல் டாக்புக்கை விட்டு ஆஸ்கிடாக் என்னும் எளிய உரைக் குறியீட்டுக்கு வந்தது. பொருளறிந்து ஒரு வரியைத் திருத்த முன்வருபவர் குறியீட்டின் சிக்கலைக் கண்டு திரும்பிப் போய்விடக் கூடாது என்பதே இத்தகைய மாற்றங்களுக்குப் பின்னால் உள்ள கவலை.

நீங்கள் இழந்த 4 அதிகாரங்களைப் பற்றி ஒரு சொல். கிட்டில் ஒவ்வொருவரும் எடுத்து வைத்திருக்கும் படி, முழு வரலாற்றையும் உள்ளடக்கிய முழுக் களஞ்சியம். ஒருவருடைய கணக்கு மூடப்பட்டால் மற்ற 9 பேரிடமும் எல்லாம் இருக்கும். வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே நான் அதைத் தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி 2 (பொது நூலகத்துறையில் ஓய்வு பெற்ற நூலகர்)

மேலே எழுதிய நண்பரின் தொழில்நுட்பக் கருத்துகளில் எனக்கு மறுப்பில்லை. அவர் எண்ணிப் பார்த்த எழுத்தாளர் யார் என்பதில்தான் மறுப்பு. பைத்தானின் ஆவணத்தையும் லினக்ஸின் ஆவணத்தையும் எழுதுபவர்கள் நிரலர்கள். கோஹாவின் வழங்கல் மேசையைப் பற்றி எழுதப் போகிறவர்கள் நூலகர்கள். சில ஆண்டுகளுக்கு முன், இதைப் போன்ற ஒரு முயற்சிக்காக நடந்த பயிலரங்கில், இரண்டு முழு நாள்கள் கிட் கற்பித்தார்கள். வந்திருந்த நூலகர்கள் அனைவரும் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டோம். அதற்குப் பின் அந்தக் களஞ்சியத்தில் ஒரு வரியேனும் சேர்த்த நூலகர் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. லிப்ரெஓபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளின் ஆவணக் குழுவினர் தங்கள் வழிகாட்டி நூல்களை அதன் சொல் செயலியான ரைட்டரிலேயே எழுதுகிறார்கள். ஒவ்வோர் அதிகாரமும் தனி ஓடிடி கோப்பு (ரைட்டரின் கோப்பு வடிவம்). பாணிகள் எல்லாம் வரையறுக்கப்பட்ட பொது வார்ப்புரு ஒன்று உண்டு. ஒருவர் எழுதியதை மற்றொருவர் மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி வைத்துக்கொண்டு திருத்துகிறார். கோப்புகளைப் பகிர நெக்ஸ்ட்கிளவுடைப் பயன்படுத்துகிறார்கள். பிடிஎஃப் ஒரு சொடுக்கில் வந்துவிடுகிறது. பல நூறு பக்கமுள்ள நூல்களை அவர்கள் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் வெளியிட்டு வருகிறார்கள். இதில் ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வார்ப்புருவில் உள்ள பாணியைத் தவிர வேறு எந்த வடிவூட்டலையும் கைவைத்துச் செய்யக் கூடாது. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கிவிட்டு அதைத் தலைப்பு என்று நம்பும் பழக்கம் நம்மில் பலருக்கும் இருக்கிறது. அதை முதல் வாரத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பா புத்தாக்கமா என்பதில் நான் புத்தாக்கத்தின் பக்கம் நிற்கிறேன். சரம் சரமாகப் பிரித்து மொழிபெயர்க்கும்போது முன் பத்தியும் பின் பத்தியும் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனியே பார்த்தால் சரியாக இருக்கும்; சேர்த்துப் படித்தால் யாரோ தொலைவிலிருந்து ஆணையிடுவதைப் போலிருக்கும். அதைவிட முக்கியமானது, கேள்வியில் சொல்லப்பட்ட அந்த 6 பக்கத் தாமதக் கட்டணத் திருத்தம், உங்கள் உதவியாளர் கேட்கும் வரிசையில் ஆங்கிலக் கையேட்டில் இராது. அது திரைகளின் வரிசையில் அமைந்த நோக்கீட்டு நூல். மேசையில் நேரும் இடர்களின் வரிசையில் நமக்கொரு நூல் வேண்டும்.

வினவியவர்

இருவருக்கும் நன்றி. இரண்டையும் படித்த பின் எங்கள் குழுவில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். நூலக நண்பர் ஒருவர் முன்பதிவு பற்றிய 2 பக்கங்களை ரைட்டரிலும், அதே பக்கங்களை ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டிலும் எழுதினார். குறியீடு அவரை அச்சுறுத்தவில்லை. தலைப்புக்கு அடியில் கோடு போடுவதும் பட்டியலுக்கு உடுக்குறி (*) போடுவதும் அரை மணி நேரத்தில் பழகிவிட்டன. ஆனால் பொத்தான்களின் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டுவதற்காக இருபுறமும் இரட்டை உடுக்குறி இட்டு, அதனுடன் வேற்றுமை உருபைச் சேர்த்து எழுதிய இடங்களிலெல்லாம் உடுக்குறிகள் அப்படியே பக்கத்தில் தோன்றின. நிரலர் நண்பர்களும் காரணம் தெரியாமல் விழித்தார்கள். தமிழுக்கு இந்தக் கருவி ஒத்துவராதோ என்ற ஐயம் இப்போது எழுந்திருக்கிறது.

மறுமொழி 3 (கட்டற்ற மென்பொருள் தமிழாக்கத்தில் பங்களிப்பவர்)

அந்தச் சிக்கலில் நானும் ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன். கருவி பழுதாகவில்லை, அதன் இலக்கண விதியே அப்படி. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் தடித்த எழுத்தை முடிக்கும் உடுக்குறிகளுக்கு அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தாக வேண்டும். சொற்கள் தனித்தனியே நிற்கும் ஆங்கிலத்தில் இது உறுத்தாது. தமிழில் உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், சேமி என்ற பொத்தான் பெயரை உடுக்குறிகளுக்குள் இட்டு, உருபை ஒட்டிச் சேமியை என்று எழுதினால் விதி உடைகிறது. உடுக்குறிக்குப் பின் ஒரு பின்சாய்கோடும் ஓர் இடைவெளியும் இட்டு உருபை எழுதினால் சரியாகிவிடும். சேமி-ஐ என்று இடைக்கோடு இட்டாலும் சரியாகும். ஆனால் 7 நூலகர்களும் ஒவ்வொரு முறையும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சேமி என்னும் பொத்தானை என்று எழுதிவிட்டால் எந்தக் குறியீட்டிலும் சிக்கல் இல்லை; வாசகருக்கும் அது பொத்தான் என்பது தெளிவாகிறது. இதை உங்கள் நடைக் கையேட்டில் முதல் விதியாக வைக்கலாம்.

மார்க்டவுன் என்னும் மற்றோர் எளிய உரைக் குறியீட்டில் இந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலான இடங்களில் உருபு ஒட்டி வந்தாலும் தடித்த எழுத்து சரியாகவே தோன்றும். ஸ்ஃபிங்க்ஸுக்கு மிஸ்ட் என்றொரு நீட்சி இருக்கிறது. அதைச் சேர்த்தால் மார்க்டவுனில் எழுதியவற்றையே ஸ்ஃபிங்க்ஸ் ஏற்றுக்கொள்ளும். குறுக்கு மேற்கோள், பிஓ கோப்பு, பிடிஎஃப் ஆகிய எதையும் இழக்க வேண்டியதில்லை. முதல் மறுமொழியின் கட்டமைப்பையும் இரண்டாம் மறுமொழியின் கவலையையும் ஒருசேர நிறைவு செய்ய எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

தமிழுக்கே உரிய வேறு சில பள்ளங்களையும் சொல்லிவிடுகிறேன்.

கிட் மாற்றங்களை வரிவரியாக ஒப்பிடுகிறது. ஒரு பத்தியை ஒரே நீண்ட வரியாக எழுதினால், ஒரு புள்ளியை மாற்றியதற்கும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். சரிபார்ப்பவர் சலித்துப் போவார். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். வெளியீட்டில் அவை சேர்ந்து பத்தியாகிவிடும். இந்தப் பழக்கத்தால் எனக்கு இன்னொரு நன்மையும் கிடைத்தது: வரி திரையைத் தாண்டி ஓடும்போதே என் வாக்கியம் எவ்வளவு நீண்டுவிட்டது என்பது கண்ணில் படுகிறது.

அடுத்தது குறிமுறை. கொ என்னும் எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம். ஒற்றைக் கொம்பும் காலும் ஆகிய இரு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கிட்டுக்கும் தேடலுக்கும் அவை வேறுவேறு. விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறுவதால், எவரும் எதையும் மாற்றாத வரியையும் மாறியதாகக் கிட் காட்டுவதைப் பார்க்க நேரிடும். யூனிகோடின் என்எஃப்சி என்னும் சீர்வடிவத்துக்கு எல்லாக் கோப்புகளையும் மாற்றும் சிறு நிரலை, பதிவுக்கு முன் தானாக இயங்குமாறு வைத்துவிட்டால் இது தீரும். பைத்தானில் நான்கைந்து வரிகள் போதும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டி எழுதப்படும் கெளரவங்களை எந்தச் சீர்வடிவமும் திருத்தாது. அவற்றைத் தேடித்தான் மாற்ற வேண்டும். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பகுதி ஏதேனும் உங்களிடம் மிஞ்சியிருந்தால், அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை மெய்ப்புப் பார்த்த பிறகே களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும்.

கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் கிட் அவற்றை எண்குறிகளின் கோவையாகக் காட்டும். கோர்.கோட்பாத் (core.quotepath) என்னும் அமைப்பை அணைத்துவிட்டால் தமிழிலேயே தெரியும். இருந்தாலும், திரைப் படங்களுக்கு மட்டுமாவது ஆங்கில எழுத்துகளில் பெயர் வைப்பது பின்னாளில் தலைவலியைக் குறைக்கும்.

பிடிஎஃப் உருவாக்க ஸ்ஃபிங்க்ஸ் இயல்பாக அழைக்கும் பிடிஎஃப்லேடெக் தமிழுக்குப் பயன்படாது. அமைப்புக் கோப்பில் ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் என்று மாற்றி, நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட வேண்டும். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வெழுத்து கிடையாது என்பதால், வலியுறுத்தலுக்கு அதை நம்பாமல் தடித்த எழுத்தையே வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய அட்டவணைக் கட்டங்களில் நீண்ட தமிழ்ச் சொற்கள் எல்லை தாண்டி ஓடும். நான் அட்டவணைகளையே தவிர்த்துவிடுகிறேன்.

மறுமொழி 4

உரிமத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் அதிகாரம் வெளிவரும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள், ஏனெனில் பத்துப் பேர் எழுதிய பிறகு உரிமத்தை மாற்ற அந்தப் பத்துப் பேரின் ஒப்புதலும் தேவை. ஆங்கிலக் கையேட்டின் பத்திகளையோ படங்களையோ எடுத்தாண்டால் அதன் உரிமம் உங்களையும் கட்டுப்படுத்தும். முழுக்கப் புதிதாக எழுதினால் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமை 4.0 (CC BY-SA 4.0) பொருத்தமாக இருக்கும். விக்கிநூல்களிலிருந்து எதையேனும் எடுக்க நேர்ந்தாலும், அங்கே கொடுக்க நேர்ந்தாலும், அது இடையூறாக இராது. 2015 முதல், அவ்வுரிமத்தில் உள்ள உரையை ஜிபிஎல் 3 என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் உள்ள திட்டங்களில் சேர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. எதிர்த்திசையில் அந்த வழி இல்லை. திரைப் படங்களில் உண்மையான வாசகர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் தெரியாதபடி, சோதனைத் தரவைக் கொண்டே படம் எடுக்குமாறு எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.

மறுமொழி 2 (மீண்டும்)

மார்க்டவுன் என்றால் என் எதிர்ப்பில் பாதியை விலக்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி, எழுதும் இடத்தைப் பற்றியது. முதல் வரைவை எழுதுவதும் அதைப் பாதுகாப்பதும் ஒரே கருவியில் நடந்தாக வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? ஹெட்ஜ்டாக் என்னும் கட்டற்ற கருவியை உங்கள் வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளலாம். பலர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் மார்க்டவுனில் எழுதலாம். இடப்பக்கம் எழுத, வலப்பக்கம் வடிவம் தெரியும். வரைவு முடிந்ததும் நிரலர் நண்பர் ஒருவர் அதை எடுத்துக் கிட்டில் சேர்க்கட்டும். அதற்குப் பின் வரும் சிறு திருத்தங்களைக் கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்லேபின் இணையத் திருத்தியிலேயே செய்யலாம். என்னைப் போன்றவர்களும் அவ்வளவு செய்வோம். ஆனால் களஞ்சியத்தில் சேர்த்த பிறகு ஹெட்ஜ்டாக் பக்கத்தை உடனே பூட்டிவிட வேண்டும். இல்லையேல் இரண்டு இடங்களிலும் திருத்தங்கள் நடந்து, இரண்டாண்டுகளுக்கு முன் நீங்கள் நின்ற இடத்திலேயே மீண்டும் நிற்பீர்கள்.

கட்டற்ற மென்பொருள்களுக்குக் கையேடுகள் உருவாக்கும் ஃப்ளாஸ் மேனுவல்ஸ் அமைப்பைத் தொடங்கிய ஆடம் ஹைட் வளர்த்தெடுத்த புத்தக விரைவோட்டம் என்ற முறையையும் எண்ணிப் பாருங்கள். எழுதுவோர் ஓரிடத்தில் கூடி, ஐந்து நாள் அளவில் ஒரு கையேட்டை எழுதி முடிக்கும் ஏற்பாடு அது. கோடை விடுமுறையில் மூன்று நாள் கிடைத்தாலும் போதும். வழங்கல் மேசைப் பகுதி முடிந்துவிடும்.

எதற்கும் முன்பு கலைச்சொல் பட்டியலைத் தயாரியுங்கள். ஒருவர் வழங்கல் என்றும் மற்றொருவர் இரவல் என்றும் இன்னொருவர் செக்கவுட் என்றும் எழுதினால், எந்தக் கருவியாலும் அந்த நூலைக் காப்பாற்ற முடியாது. பொத்தான்களின் பெயர்கள் மட்டும் உதவியாளரின் திரையில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே இருக்கட்டும்.

மறுமொழி 1 (மீண்டும்)

பெரியவர் சொன்ன எழுதும் முறையை ஏற்கிறேன். மாற்றத்தைத் தெரிவிக்கும் மணி இல்லை என்ற குறை மட்டும் நிற்கிறது. அதற்கு ஒரு வழி: ஒவ்வோர் அதிகாரத்தின் தலையிலும் அது எந்தக் கோஹா பதிப்பில் சரிபார்க்கப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் களஞ்சியத்தில் தனிக் கிளை (தனியே திருத்தத்தக்க படி) இருக்கட்டும், ஏனெனில் எல்லா நூலகங்களும் ஒரே நாளில் மேம்படுத்துவதில்லை. ஆங்கிலக் கையேட்டின் களஞ்சியத்தை ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு, புதிய பதிப்பு வரும்போது வழங்கல், வாசகர் ஆகிய அதிகாரங்களில் மட்டும் என்னென்ன வரிகள் மாறின என்று பார்த்தால் போதும். நூற்றுக்கணக்கில் உள்ள அமைப்பு விருப்பத்தேர்வுகளுக்கு நீங்கள் புதிதாக எதையும் எழுத வேண்டாம்; அங்கே பிஓ வழி மொழிபெயர்ப்புதான் பொருத்தம், அதுவும் பிறகு.

வினவியவர்

நேற்று மாலை குழுவாக அமர்ந்து முடிவு செய்தோம். புதிதாகவே எழுதுகிறோம், ஹெட்ஜ்டாக்கில் வரைவு, கிட்லேபில் களஞ்சியம், மிஸ்ட் நீட்சியுடன் ஸ்ஃபிங்க்ஸ். வரைவைக் களஞ்சியத்தில் சேர்ப்பதும் பக்கத்தைப் பூட்டுவதும் ஒரே நிரலர் நண்பரின் பொறுப்பு. அவர் இல்லாத நாளில் செய்ய வேண்டியவரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம். களஞ்சியத்தின் முழுப் படி 4 பேரின் கணினிகளில் இருக்கும். முன்பதிவு பற்றிய 2 பக்கங்களை மார்க்டவுனுக்கு மாற்றி, ஸீலேடெக் வழியாக பிடிஎஃப் எடுத்து, ஒரு கிளை நூலக உதவியாளரிடம் அச்சிட்டுக் கொடுத்தோம். எழுத்துகள் சரியாக இருந்தன. மூன்றாம் படியில் ஒரு திரை விடுபட்டிருப்பதை அவர்தான் பேனாவால் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். கலைச்சொல் பட்டியலில் இதுவரை 43 சொற்கள் சேர்ந்துள்ளன; வழங்கலா இரவலா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.